மாலை தொடுக்கும் கலை

இயற்கையே கலைகளுக்கெல்லாம் முதல் ஆசான். சிற்பி கல்லின் இயல்பை அறிந்தே உளியை ஓட்டுகிறான். பூத்தொடுப்போனும் மலரின் இயல்பை அறிந்தே நாரை முடிகிறான். சிற்பத்தைக் கலை என்று போற்றும் நாம், மாலை தொடுத்தலை மட்டும் எளிய கைத்தொழில் என்று ஒதுக்குதல் முறையாகுமா?

இயற்கை மலரை அமைக்கும் திறத்தை முதற்கண் காண்போம். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறினால் ஏலத் தோட்டங்களின் குளிர்நிழலை அடையலாம். ஏலச்செடி ஆளுயரத்திற்கு மேலும் வளரும். ஆயினும் பூ அதன் உச்சியில் தோன்றுவதில்லை. செடியின் அடியிலிருந்து கிளைக்கும் கொத்துகளில் மலர்கிறது. அதன் வெண்ணிற இதழின் நடுவே ஊதாநிறக் கோடுகள் ஓடுகின்றன. அவை வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. தேனீக்குத் தேன் இருக்கும் இடத்தைக் காட்டும் வழிகள். காலையில் விரியும் அப்பூவின் வாழ்வு ஒரு நாளே. அதற்குள் தேனீ வந்து சென்றால்தான் காய் பிடிக்கும். பயனும் அழகும் பிரியாது நிற்பதே இயற்கையின் அமைப்பு.

இதனை நம் முன்னோர் நுணுகி நோக்கினர். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவங்களுக்குப் பெயரிட்டனர்; பிறக்கும் இடம் கருதிக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நான்காக வகுத்தனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிக் கூறுகிறார். தலையிற் சூடுவது கண்ணி. ஆடவர் மார்பில் அணிவது தார். மகளிர் அணிவது கோதை. இத்தனை பெயர்களைப் படைத்த மக்கள், மாலையைக் கலையாகவே கருதினர் என்பதில் ஐயமுண்டோ?

பூத்தொடுப்போர் கையில் அவ்வறிவு இன்றும் வாழ்கிறது. மல்லிகை அந்தியில் விரியும். ஆதலின் அதனை விடியலில் மொட்டாகவே பறிப்பர். நூல் இறுகினால் மெல்லிய காம்பை அறுத்துவிடும். நனைத்த வாழைநாரோ மென்மையாகப் பற்றும். குமரி மாவட்டத்துத் தோவாளையில் அரளிப்பூவையும் நொச்சியிலையையும் மடித்துப் பாய்போலப் பின்னுகின்றனர். அம்மாலை மாணிக்கம் பதித்தாற்போல் ஒளிர்கிறது. அத்தோவாளை மாணிக்கமாலைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்நாளில் நெகிழிப் பூக்கள் வாயில்களிலும் மணப்பந்தல்களிலும் தொங்குகின்றன. அவை வாடா, பலமுறை பயன்படும், செலவும் குறையும் என்பர். மலர் அருகும் மாதங்களில் விலை ஏறுவது உண்மையே. அப்போது துளசியும் மரிக்கொழுந்தும் போதாவோ? அந்தந்தப் பருவம் தருவதைக் கொண்டு அழகு செய்தலே கலை. வாடிய மாலை மண்ணுக்கு எருவாகும்; நெகிழி மாலையோ மண்ணுக்கும் ஓடைக்கும் சுமையாகும். அதனை வாங்குந்தோறும் பூப்பயிரிடுவோர், பறிப்போர், தொடுப்போர் ஆகியோரின் கூலியும் குறைகிறது. தொடுக்கும் கைகள் ஓய்ந்தால், தலைமுறைகள் ஈட்டிய அறிவும் அவற்றோடு மறையும்.

மாணவர்களே! பூத்தொடுக்கும் பெரியோர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர்களிடம் ஒரு முழம் தொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அறிவு ஏட்டில் மட்டுமன்று, விரல்நுனியிலும் இருக்கிறது என்பதை அப்போது உணர்வீர்கள்.