பூட்டிய கட்டடத்தில் ஓடும் மீட்டர்

ஆரணி என்றதும் பலருக்கும் பட்டுச்சேலைதான் நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நாம் இங்கே எண்ணிப் பார்ப்பது திருவள்ளூர் மாவட்டத்தில், புதுவாயலிலிருந்து பெரியபாளையம் செல்லும் சாலையில், ஆரணியாற்றங்கரையில் அமைந்துள்ள இன்னோர் ஆரணியை. ஒரு பக்கம் பொன்னேரி, இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. தொழிற்பேட்டை வளர வளர, அதைச் சுற்றியுள்ள ஊர்களில் திருமண மண்டபங்களும், ஜவுளிக்கடைகளும், வங்கிக் கிளைகளும், மருத்துவமனைகளும் பெருகி வருவதை நாம் அனைவரும் பார்க்கிறோம். இந்தக் கட்டடங்கள் எவ்வளவு மின்சாரம் உண்கின்றன, அதில் எவ்வளவு வீணாகிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலை ஒன்றின் மேலாளரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு டன் உருக்க எத்தனை யூனிட் ஆகிறது என்று மனப்பாடமாகச் சொல்வார். அந்தக் கணக்கு தவறினால் அவருடைய தொழிலே தள்ளாடும். அதே சாலையில் உள்ள ஜவுளிக்கடை முதலாளியிடம், 'உங்கள் கடை ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவழிக்கிறது?' என்று கேட்டால் நம்மை விநோதமாகப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்தது ரசீதின் அடியில் உள்ள ரூபாய்த் தொகை மட்டுமே. தொகை கூடினால் அரசு கட்டணத்தை உயர்த்திவிட்டது என்பார். அது பல நேரங்களில் உண்மையும்கூட. ஆனால் முழு உண்மை அன்று.

அந்த முழு உண்மையைத் தேடும் வேலைக்குத்தான் எரிசக்தித் தணிக்கை என்று பெயர். பணத் தணிக்கையாளர் வரவு செலவுப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல, எரிசக்தித் தணிக்கையாளர் கட்டடத்தையே புரட்டுகிறார். முதலில் ஓராண்டு, ஈராண்டு மின்கட்டண ரசீதுகளை வாங்கி அடுக்குவார். பிறகு அறை அறையாக நடப்பார். எத்தனை விளக்கு, எத்தனை மின்விசிறி, எத்தனை குளிரூட்டி, எத்தனை மோட்டார், ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பட்டியல் எடுப்பார். மேசைமேல் விழும் வெளிச்சத்தையும், குளிரூட்டியிலிருந்து வரும் காற்றின் வெப்பத்தையும் கருவியால் அளப்பார். முதன்மை மின்பலகையில் பதிவுக் கருவி ஒன்றை மாட்டி, சில நாள்கள் அப்படியே விட்டுவிடுவார். இந்தக் கடைசி வேலைதான் முக்கியமானது. கடையைப் பூட்டிய பின்னரும், நள்ளிரவு இரண்டு மணிக்கும் மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதை அந்தக் கருவிதான் காட்டிக்கொடுக்கிறது. யாரும் குடிக்க வராத தண்ணீர்க் குளிர்விப்பான், அணைக்கப்படாத பெயர்ப்பலகை, மேல்மாடியில் மறந்துபோன குளிரூட்டி. இவற்றையெல்லாம் முதலாளியைவிட நன்றாக அறிந்தவர் இரவுக் காவலாளி. அவரிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே உண்டு. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-ல் இயற்றப்பட்டு, 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் அமைக்கப்பட்டது. பணியகம் தொடக்க ஆண்டுகளிலேயே செய்த ஒரு செயல் பாராட்டுக்குரியது. ஊருக்கு உபதேசம் சொல்லும் முன் தலைநகரின் அரசுக் கட்டடங்களையே தணிக்கைக்கு உட்படுத்தியது. குடியரசுத் தலைவர் மாளிகை, பிரதமர் அலுவலகம், எய்ம்ஸ் மருத்துவமனை போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன. கட்டடத்துக்குக் கட்டடம் வேறுபட்டாலும், ஏறத்தாழ கால் பங்கு முதல் பாதிக்குச் சற்றுக் குறைவு வரை மின்சாரத்தைச் சேமிக்க முடியும் என்று அந்தத் தணிக்கைகள் காட்டின. நாட்டின் முதல் குடிமகன் வாழும் மாளிகையின் நிலையே அதுவென்றால், நம் ஊர் மண்டபத்தின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீள்கிறது? 2001-ன் சட்டம் வணிகக் கட்டடம் என்று கணக்கில் எடுத்தது 500 கிலோவாட் மின்சுமையோ 600 கே.வி.ஏ. ஒப்பந்தக் கேட்போ உள்ளவற்றை மட்டுமே. 2010-ன் திருத்தம் அதை 100 கிலோவாட், 120 கே.வி.ஏ. என்று இறக்கியது. 2022-ன் திருத்தம் பெரிய குடியிருப்புகளையும் உள்ளே கொண்டுவந்தது. நல்லதே. எனினும் பொன்னேரியிலோ ஆரணியிலோ உள்ள நடுத்தரக் கடைகளும் சிறு மருத்துவமனைகளும் பெரும்பாலும் இந்த எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. கட்டாயத் தணிக்கை என்பதும் அரசு தனியே அறிவிக்கும் பெரிய நுகர்வோருக்குத்தான். ஆகவே நம் பகுதியில் சட்டம் வந்து கதவைத் தட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

வீணாகும் மின்சாரத்துக்கு ஏன் கேள்வியே எழுவதில்லை? கட்டடம் கட்டுபவர் ஒருவர், வாடகைக்கு இருப்பவர் இன்னொருவர் என்பதே முதல் காரணம். மேல்தளத்துக்குத் தட்டோடு பதித்து வெள்ளை பூசினால் உள்ளே வெப்பம் குறையும். அந்தச் செலவு உரிமையாளருடையது, பலன் வாடகைதாரருடையது. அதனால் அவர் செய்வதில்லை. வாடகைதாரரோ, நாளை காலி செய்யப்போகிற இடத்தில் நான் ஏன் பணம் போடவேண்டும் என்கிறார். இருவருக்கும் நடுவே குளிரூட்டி இரவு பகலாக ஓடுகிறது. இரண்டு பேர் நிற்க முடியாத ஏ.டி.எம். அறையில் இரண்டு குளிரூட்டிகள் இருப்பதை நாம் பார்த்ததில்லையா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு திருமண மண்டபத்தையோ துணிக்கடையையோ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பழைய செம்புச் சோக்குடன் 50 குழல் விளக்குகள், ஒவ்வொன்றும் சோக்கையும் சேர்த்து 50 வாட். கூடவே 75 வாட் மின்விசிறிகள் 50. நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள். விளக்குகளை 20 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் ஆண்டுக்கு 4,500 யூனிட் மிச்சம். விசிறிகளை 30 வாட் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் 6,750 யூனிட். மொத்தம் 11,250 யூனிட். குளிரூட்டியைத் தொடவே இல்லை. அதில் வெப்ப அளவை ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது பணியகத்தின் கணிப்பு. 2020 சனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட அறைக் குளிரூட்டிகள் 24 டிகிரியைத் தொடக்க நிலையாகக் கொண்டே வரவேண்டும் என்று விதித்திருப்பதும் இதனால்தான். ஆனாலும் கடைக்குள் நுழைந்ததும் 'சில்' என்று இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கடைக்காரர் 18-க்கு இறக்கிவிடுகிறார். இதில் வாடிக்கையாளராகிய நமக்கும் பங்குண்டு.

பெரிய கட்டடங்களில் இன்னொரு வகை இழப்பு இருக்கிறது. அது மின்சாரமே அல்ல, வெறும் காகிதம். உயரழுத்த இணைப்பு பெற்றவர்கள் தாங்கள் ஒப்பந்தம் செய்த கேட்பில் 90 சதவீதம் அல்லது உண்மையில் பதிவான கேட்பு, இவற்றில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் செலுத்தவேண்டும் என்பது தமிழகத்து விதி. என்றோ ஒருநாள் விரிவாக்கலாம் என்று கூடுதலாக ஒப்பந்தம் செய்துவிட்டு, விரிவாக்காமலே ஆண்டுக்கணக்கில் கட்டிவருபவர்கள் உண்டு. 2020 பொதுமுடக்கத்தின்போது கதவடைத்துக் கிடந்த நிறுவனங்களுக்கும் இந்தக் கட்டணம் வந்தபோதுதான் பலர் விழித்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. தணிக்கையாளர் ரசீதைப் பார்த்த முதல் மணி நேரத்திலேயே சொல்லக்கூடிய செய்தி இது.

ஜெனரேட்டரையும் மறந்துவிடக்கூடாது. 2008 தொடங்கி சில ஆண்டுகள் தமிழகம் அனுபவித்த மின்வெட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்போது அவசரத்தில், தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிப்போட்ட ஜெனரேட்டர்கள் பல கட்டடங்களின் பின்புறம் இன்றும் நிற்கின்றன. ஒரு லிட்டர் டீசலில் மூன்று, மிஞ்சினால் மூன்றரை யூனிட் கிடைக்கும். பெரிய இயந்திரத்தைக் குறைந்த சுமையில் ஓட்டினால் அதுவும் கிடைக்காது. இன்றைய டீசல் விலையில் ஒரு யூனிட் என்ன விலை என்று வாசகர்களே வகுத்துப் பார்க்கலாம்.

இது பணம் உள்ளவர்களின் பண விவகாரம்தானே, நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். மேலே சொன்ன 11,250 யூனிட்டை அனல்மின் நிலையத்தில் உற்பத்தி செய்ய ஏறத்தாழ 8 டன் நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டரை டன் சாம்பல் மிஞ்சும். ஒரே ஒரு கட்டடத்தின் விளக்குக்கும் விசிறிக்கும் இவ்வளவு. அந்தச் சாம்பல் எங்கே போகிறது என்று அறிய நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. அத்திப்பட்டில் 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையம், 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம், 2024 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட 800 மெகாவாட் மூன்றாம் நிலை என எல்லாம் பொன்னேரி வட்டாரத்தின் வாசலில்தான் நிற்கின்றன. சாம்பல் கலந்த நீர் குழாய்களிலிருந்து கசிந்து கொசஸ்தலையாற்றில் படிந்ததும், எண்ணூர் மீனவர்கள் வலையில் இறாலுக்குப் பதில் சேறு வந்ததும், செப்பாக்கம் மக்கள் சாம்பல் குளத்தின் அருகே வாழ நேர்ந்ததும், வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதும் ஊரறிந்த செய்திகள். ஆரணியில் அணைக்கப்படும் ஒவ்வொரு விளக்குக்கும் அத்திப்பட்டில் அந்தக் கணமே கரி குறையும் என்று சொல்ல முடியாது. காற்றாலை, நெய்வேலி, கல்பாக்கம் எல்லாம் ஒரே கம்பியில் கலந்துதான் வருகின்றன. ஆனால் காற்றும் வெயிலும் குறையும் மாலை நேரத்தில், மண்டபங்கள் ஒளிரத் தொடங்கும் அந்த நேரத்தில், கரிதான் பெரும்பாலும் சுமையைத் தாங்குகிறது.

ஆகவே வணிகர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நமது பள்ளிகளும், விடுதிகளும், மருத்துவமனைகளும், பங்கு மண்டபங்களும் இந்தக் கணக்கில் வருகின்றன. கட்டணப் பிரிவு வேறாக இருக்கலாம், வீணாகும் விதம் ஒன்றே. வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கின் கூரையில் 2008-ல் சூரியத் தகடுகள் பொருத்தப்பட்ட செய்தி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதைப் பார்த்து நாமும் தகடு போடலாம் என்று ஆர்வம் கொள்வது இயல்பே. ஆனால் வரிசை மாறிவிடக்கூடாது. ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கிணறு வெட்டுவதுபோல, பழைய விசிறிகளையும் பழைய குளிரூட்டிகளையும் வைத்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகத் தகடு வாங்கினால் செலவுதான் கூடும். முதலில் தணிக்கை, பிறகு மாற்றம், அதன் பின்னரே தகடு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' திருமடலும் தேவையற்ற விளக்கை அணைப்பது போன்ற சிறு செயல்களை ஒதுக்கிவிடவில்லை.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? நியூயார்க் மாநகரம் 2009-ல் கொண்டுவந்த சட்டப்படி 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்யவேண்டும். இங்கிலாந்தில் 2008 முதல் பெரிய பொதுக் கட்டடங்கள் தங்கள் மின்செலவின் தரத்தை வாசலிலேயே எழுதி மாட்டவேண்டும் என்ற விதி வந்தது. முதலில் 1,000 சதுர மீட்டர் என்றிருந்த எல்லை 2015-ல் 250 ஆக இறங்கியது. இரண்டாவது முறையே நமக்கு ஏற்றது என்று தோன்றுகிறது. தணிக்கை அறிக்கைகள் மேசை இழுப்பறையில் உறங்குவது நம் ஊர் வழக்கம். வாசலில் எழுதி மாட்டினால் உறங்க முடியாது. இங்கும் 2009 முதல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு உண்டு, ஆனால் விரும்பினால்தான். நம்முடையதுபோன்ற ஈர வெப்பப் பகுதியில், பாதிக்கு மேல் குளிரூட்டப்பட்ட அலுவலகம் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 175 முதல் 200 யூனிட் வரை செலவழித்தால் ஒரு நட்சத்திரம், 100-க்குள் அடங்கினால் ஐந்து என்று அந்த மதிப்பீடு வகுத்தது. 500 சதுர மீட்டர் அலுவலகம் ஆண்டுக்கு 90,000 யூனிட் செலவழித்தால் 180. ஒரே நட்சத்திரம். இந்த வகுத்தலுக்கு நிபுணர் தேவையில்லை.

நிபுணர் தேவைப்படும்போது சான்று பெற்ற தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். 2004 முதல் பணியகம் அதற்கெனத் தேர்வு நடத்தி வருகிறது. அவர்களை அழைக்கும் முன் நாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ரசீது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதானால் ஆறு, மாதந்தோறும் வருவதானால் பன்னிரண்டு ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஒரு நாள் இரவு கட்டடத்தைப் பூட்டும்போது மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் திறக்கும் முன் மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு, இரவெல்லாம் அங்கே இருந்த காவலாளியிடம் போய் உட்காருங்கள்.