காயலான் கடை விலையும் கண்ணாடிப் பெட்டி விலையும்

போன மாதம் ஒரு இளைஞர் போன் செய்தார். ஹாம் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறதாம். பழைய யேஸு எஃப்டி-101 செட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. "சார், ரிசீவர் நன்றாகக் கேட்கிறது. டிரான்ஸ்மிட் பண்ணினால் பவர் வரவில்லை. ஃபைனல் வால்வு இரண்டும் போய்விட்டது. இணையத்தில் ஒரு ஜோடிக்குக் கேட்கிற விலை, நான் செட்டுக்கே கொடுக்கவில்லை. உங்களிடம் இருக்குமா?"

இருந்தது. 6ஜேஎஸ்6சி, ஒரே ஒரு ஜோடி, பீரோ மேல்தட்டில். என் செட்டுக்கென்று எடுத்து வைத்த ஸ்பேர். "நாளைக்குச் சொல்கிறேன் தம்பி" என்று போனை வைத்துவிட்டேன். அன்று ராத்திரி யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் உதிரி பாகம் என்றால் மூர் மார்க்கெட். இரண்டாம் உலகப்போர் ராணுவச் சரக்கு எழுபதுகளில்கூட அங்கே கிடைத்தது. எல்லோரும் 807 வால்வைத் தேடுவார்கள். பக்கத்திலேயே 1625 சீந்துவாரில்லாமல் கிடக்கும். இரண்டும் உள்ளே ஒன்றுதான். 807-க்கு ஹீட்டர் 6.3 வோல்ட், ஐந்து பின், 1625-க்கு 12.6 வோல்ட், ஏழு பின். சாக்கெட்டையும் ஹீட்டர் சப்ளையையும் மாற்றத் தெரிந்தவனுக்கு வேலை பாதி விலையில் முடிந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. பிறகு எல்லாவற்றுக்கும் ரிச்சி தெருதான். இன்று அங்கே போய் வால்வு என்று கேட்டால் தண்ணீர்க் குழாய்க்கா என்பார்கள்.

விலை ஏறியதற்குக் காரணம் உண்டு. கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களுக்கும் ஆடியோ பிரியர்களுக்கும் தேவைப்படுவதால் இஎல்34 போன்ற வால்வுகள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. 6ஜேஎஸ்6சி கலர் டிவிக்காகச் செய்தது. டிவிக்குள் டிரான்சிஸ்டர் வந்ததும் அதன் கதை முடிந்தது. இனி உலகத்தில் மிச்சம் இருப்பதுதான் கணக்கு. அதற்காகக் கேட்ட விலையெல்லாம் நியாயம் ஆகிவிடுமா?

என் நண்பர் ஒருவர் ஆறு வருடம் முன்பு காலமானார். ஒரு அறை நிறைய வால்வு, கிரிஸ்டல், டிரான்ஸ்ஃபார்மர். நாங்கள் பதினாறு நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்து போனபோது அறை காலி. காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் எடை போட்டு எடுத்துப் போயிருந்தார். செம்புக் கம்பிக்கு விலை கிடைத்தது, கண்ணாடி குப்பைக்குப் போனது. அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். எது என்னவென்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை.

இன்னொரு பக்கம், விலை ஏறட்டும் என்று வருடக்கணக்கில் பூட்டி வைத்திருப்பவர்களையும் அறிவேன். அவர்கள் சரக்கும் கடைசியில் அதே தராசுக்குத்தான் போகும். "கிடைக்கிற விலைக்கு விற்பதில் என்ன தப்பு?" என்று கேட்பார்கள். தப்பில்லை. ஆனால் சோதிக்காத பொருளுக்குப் புதுப் பொருளின் விலை கேட்பது தப்பு. ஹீட்டர் எரிந்தால் வால்வு நல்லது என்று அர்த்தமில்லை, எமிஷன் செத்துப்போயிருக்கலாம். கண்ணாடிக்குள் வெள்ளி போலப் பளபளக்கும் கெட்டர் பூச்சு பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அது அலங்காரத்துக்குத்தான் ஆகும். செட்டில் போட்டுப் பார்த்ததா, பார்க்காததா என்று விற்பவர் சொல்ல வேண்டும். சரியில்லையென்றால் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பழைய எலக்ட்ரோலிடிக், பேப்பர் கண்டென்சர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெட்டி பிரிக்காதது என்றாலும் உள்ளே காய்ந்தோ கசிந்தோ போயிருக்கும். ஷார்ட் ஆனால் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். அதற்கு ரிச்சி தெருவில் புதிது வாங்குவதே மலிவு.

மறுநாள் அந்த ஜோடியை என் செட்டில் போட்டு, பத்து விநாடிக்கு மேல் போகாமல் டியூன் செய்து பார்த்தேன். பவர் வந்தது. தம்பியை வரச் சொன்னேன். இணையத்தில் கேட்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டேன். சும்மாவே கொடுத்திருக்கலாம், ஆனால் சும்மா வந்த பொருளை யாரும் பத்திரமாக வைத்துக்கொள்வதில்லை. வேறு கம்பெனி வால்வு என்பதால் நியூட்ரலைசேஷனை மறுபடி சரிபார்க்கச் சொன்னேன். நீ விட்டால் இன்னொரு ஹாமுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டேன்.

என் செட்டில் இருப்பது போனால் எனக்கு வேறு இல்லை. எனக்கு 74 வயது, மாதம் ஒரு முறைதான் அதை ஆன் செய்கிறேன். போகட்டும்.

மீதிப் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் வால்வு நம்பர், சோதித்த தேதி, நியாயமான விலை, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதி ஒட்டிவிட்டேன். மனைவியிடமும் காட்டினேன். "இத்தனை வருஷமா இதைத்தானே கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

உங்கள் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். விலையை நீங்களே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் காயலான் கடைக்காரர் எழுதுவார்.