கையில் ஊசி குத்திடுச்சா? மருத்துவமனை ஊழியர்களுக்கு முதல் 2 மணி நேரம் ஏன் முக்கியம்?

நோயாளிக்குப் போட்ட ஊசி, அதைப் போட்ட நர்ஸின் விரலிலேயே குத்துவது மருத்துவமனைகளில் அரிதான விஷயம் இல்லை. உலகின் 3.5 கோடி சுகாதாரப் பணியாளர்களில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேருக்கு இப்படி நடப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2002-ல் கணக்கிட்டது. ஆனால், 'சின்னக் காயம்தானே' என்று பலரும் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு ஆபத்து?

தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெச்ஐவி பரவும் வாய்ப்பு சுமார் 0.3%. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு இது 30% வரை போகலாம். இத்தனைக்கும் 6 மாதத்தில் போட்டு முடிக்கும் 3 டோஸ் தடுப்பூசி இருக்கு!

உடனே என்ன செய்யணும்?

* குத்திய இடத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவணும்.
* பிதுக்கக் கூடாது. விரலை வாயில் வைக்கக் கூடாது.
* உடனே தகவல் சொல்லணும். ஹெச்ஐவி தடுப்பு மருந்து தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். தேவையென்றால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. மொத்தம் 28 நாள் சாப்பிடணும்.

சட்டம் என்ன சொல்லுது?

மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ன்படி, ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது மருத்துவமனையின் கடமை. வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனை செய்யணும். ஹெச்ஐவி தொற்றும் அபாயமுள்ள வேலை செய்பவர்களுக்குப் பயிற்சியும் தடுப்பு மருந்தும் தரணும் என்கிறது 2017-ம் ஆண்டு ஹெச்ஐவி சட்டம்.

அப்போ சிக்கல் எங்கே?

மருந்து இருக்கு, சட்டமும் இருக்கு. ஆனால், நைட் ஷிஃப்ட்டில் ஊசி குத்தினால் யாருக்குப் போன் செய்வது என்று தெரியாவிட்டால், அந்த 2 மணி நேரம் வீணாகிவிடும். குப்பைப் பையில் கிடந்த ஊசி குத்திய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் நிலைமை இன்னும் மோசம். அது யாருக்குப் போட்ட ஊசி என்பதே தெரியாது. வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. இத்தனைக்கும் 2016 விதிகள் கழிவைக் கையாளும் எல்லோரையும் சேர்த்தே பேசுகின்றன.

இதற்குத்தான் ஊழியர் நலப் பிரிவு தேவை. 24 மணி நேரமும் தொடர்புகொள்ள ஒரு பொறுப்பாளர், தடுப்பூசிப் பதிவேடு, ரகசியம் காக்கும் பரிசோதனை. இவ்வளவு இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மருத்துவமனையில் வேலைக்குச் சேர்கிறீர்களா? சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: 'ஊசி குத்தினால் யாரிடம் சொல்லணும்?'