கேசினோ வேண்டாம் என்று டொராண்டோ சொன்னது சரிதான்

2013 மே 21 அன்று டொராண்டோ நகர மன்றம் கூடியது. நகரின் மையத்தில் கேசினோ வரலாமா என்பது அன்றைய முக்கியக் கேள்வி. கூடாது என்று 40 உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். வரலாம் என்றவர்கள் நான்கே பேர். உலகின் பெரிய சூதாட்ட நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு முன்வைத்த ஒரு திட்டம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்பது அபூர்வம். சூதாட்டம் பாவம் என்ற வாதத்தைவிட, வரவு செலவுக் கணக்குதான் அங்கே எடுபட்டது.

பேச்சு தொடங்கியது 2012 மார்ச்சில். வருமானத்தைப் பெருக்க விரும்பிய ஒன்டாரியோ மாகாணத்தின் லாட்டரி மற்றும் சூதாட்டக் கழகம், டொராண்டோ வட்டாரத்தில் புதிய கேசினோ வேண்டும் என்றது. யூனியன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஃபிரன்ட் தெரு மாநாட்டு மையமும், ஏரிக்கரையில் நகரத்துக்கே சொந்தமான எக்சிபிஷன் பிளேஸ் திடலும் பேச்சில் அடிபட்டன. கேசினோவோடு சொகுசு ஓட்டல், மாநாட்டு அரங்கு, கடைவீதி, ஆயிரக்கணக்கில் வேலை என்று வாக்குறுதிகள் குவிந்தன. மேயர் ராப் ஃபோர்டு முழுமூச்சாக ஆதரித்தார். வேலையில்லாதவருக்கு வேலை என்ற வாதத்தை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கட்டுமானத் தொழிலாளர்களும் ஓட்டல் ஊழியர்களும் அதை எதிர்பார்த்ததில் நியாயம் உண்டு.

ஆனால் பணம் யாருக்குப் போகும் என்று கேட்டபோது கதை மாறியது. கேசினோவின் வருவாயில் பெரும்பங்கு மாகாண அரசுக்கு. இடம் கொடுக்கும் நகரத்துக்குக் கிடைப்பது ஒரு கட்டணம் மட்டுமே. நகர நிர்வாகம் அமர்த்திய எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம், அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 1.8 கோடி டாலராகவும் இருக்கலாம், 16.8 கோடி டாலராகவும் இருக்கலாம் என்றது. குறைந்தது 10 கோடி டாலர் வேண்டும் என்பது மேயர் தரப்பின் நிலை. டொராண்டோவுக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது, எல்லா ஊருக்கும் ஒரே சூத்திரம்தான் என்று மாகாண முதல்வர் கேத்லீன் வின் உறுதியாகச் சொன்னார். அந்தச் சூத்திரப்படி நகரத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 5.4 கோடி டாலர். திட்டம் செத்துவிட்டது என்று மேயரே அறிவித்தார். அவர் ரத்து செய்த கூட்டத்தை உறுப்பினர்கள் மீண்டும் கூட்டி, முடிவை வாக்கெடுப்பாகவே பதிவு செய்தார்கள்.

செலவுப் பக்கத்தை நகரின் பொதுச் சுகாதாரத் துறை எடுத்து வைத்தது. சூதாட்டத்தால் சீரழியக்கூடியவர்களைக் காக்க, கேசினோ 24 மணி நேரமும் இயங்கக் கூடாது, ஆட்டக்கூடத்தில் ஏடிஎம் வைக்கக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது என்று அதன் தலைவர் டேவிட் மெக்கியோன் பரிந்துரைத்தார். இவையெல்லாம் கேசினோவின் லாபத்தில் கை வைக்கிற நிபந்தனைகள். ஒன்டாரியோவின் சூதாட்ட வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கட்டுப்பாடு இழந்து ஆடும் சிறுபான்மையினரிடமிருந்தே வருவதாக 2004-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருந்தது. அந்தப் பணம் சுற்றுலாப் பயணியின் பணம் அல்ல. பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்களின் வாடகையும் மளிகைச் செலவும்தான்.

மற்ற ஊர்களின் அனுபவமும் கண் முன்னே இருந்தது. 1994-இல் ஒன்டாரியோவின் வின்ட்சரில் கேசினோ திறந்தது. ஆற்றின் மறுகரையில் இருக்கும் டெட்ராய்ட், பணம் அக்கரைக்குப் போவதைப் பார்த்துத் தானும் மூன்று கேசினோக்களை அனுமதித்தது. வரிப் பணம் வந்தது உண்மை. அந்த வரியையே அடகு வைக்க நேர்ந்த நகரம், டொராண்டோ வாக்கெடுப்பு நடந்து இரண்டு மாதத்துக்குள் திவாலானது. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் 1978 முதல் கேசினோக்கள் கடலைப் பார்த்து எழுந்தன. ஊரைப் பார்த்த பக்கத்தில் கார் நிறுத்தும் அடுக்குகளும் வெற்றுச் சுவர்களும். காரிலிருந்து இறங்குபவர் தெருவில் கால் வைக்காமலே பாலம் வழியாக ஆட்டக்கூடத்துக்குள் போய்விடலாம். பக்கத்துத் தெருக் கடைக்காரருக்கு அவரால் என்ன வியாபாரம்? 2014-இல் மட்டும் அங்கே பன்னிரண்டில் நான்கு கேசினோக்கள் மூடின. 240 கோடி டாலரில் கட்டி, இரண்டே ஆண்டு இயங்கிய ரெவெல் அவற்றில் ஒன்று.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்பவர்கள் உண்டு. அங்குள்ள மரினா பே சாண்ட்ஸ் கேசினோ வெற்றிதான். ஆனால் அங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டும், வெளிநாட்டவருக்கு இலவசம். குடும்பத்தினர் விண்ணப்பித்து ஒருவரைத் தடைப்பட்டியலில் சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலமும் வரியும் சட்டமும் ஒரே அரசின் கையில். டொராண்டோ நகர மன்றத்துக்கு இந்த மூன்றில் நிலத்தின்மீது மட்டுமே ஓரளவு பிடி இருந்தது.

டொராண்டோ கேசினோவையே விரட்டிவிடவில்லை. ஏற்கெனவே பந்தயத் திடலும் சூதாட்ட இயந்திரங்களும் இருந்த வுட்பைனில் விரிவாக்கத்துக்கு 2015-இல் நகர மன்றம் நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டது. புதிய கேசினோ 2023-இல் திறந்தது. எங்கே, எந்த நிபந்தனையில் என்பதை விவாதித்து முடிவு செய்யும் உரிமை நகரத்திடம் இருந்தது. அதுதான் இங்கே முக்கியம்.

அந்த உரிமை இப்போது தேய்ந்து வருகிறது. எக்சிபிஷன் பிளேஸுக்கு எதிரே ஏரிக்கரையில் உள்ள ஒன்டாரியோ பிளேஸ் பூங்காவில் தெர்ம் நிறுவனத்தின் நீர் விளையாட்டு வளாகம் வருகிறது. மாகாண அரசோடு 2022-இல் கையெழுத்தான, 95 ஆண்டு வரை நீளக்கூடிய குத்தகை ஒப்பந்தம் 2024 அக்டோபரில்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. அதே வாரத்தில் அங்கிருந்த நூற்றுக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுச் சட்டத்திலிருந்தும் இத்திட்டத்துக்கு விலக்கு தர 2023-இலேயே மாகாணம் சட்டம் இயற்றியிருந்தது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்த முறை நியாயமாகவோ வெளிப்படையாகவோ இல்லை என்று மாகாணத் தணிக்கைத் தலைவர் குறை கண்டார்.

2013-இல் கணக்கு மேசைக்கு வந்த பிறகு வாக்கெடுப்பு நடந்தது. இங்கே மரங்கள் விழுந்த வாரத்தில்தான் ஒப்பந்தமே வெளியே வந்தது. பொது நிலத்தைத் தனியாருக்குத் தரும் எந்தத் திட்டத்திலும் ஒப்பந்தம் முதலில் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். நகர மன்றத்தின் வாக்கு இல்லாமல் ஒரு மரத்தைக்கூட வெட்ட முடியாதபடி ஒன்டாரியோ அரசு தன் சட்டத்தை மாற்ற வேண்டும்.