கூட்டமும் கோட்டோவியமும்

ஓவியர்க்குப் பழந்தமிழர் இட்ட பெயர்களுள் ஒன்று ‘கண்ணுள் வினைஞர்’ என்பது. மதுரை மாநகரில் திரண்ட மக்களைக் கூறுமிடத்து, மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இப்பெயரை ஆள்கின்றார். காண்பவர் கண்ணுள்ளே தம் தொழிலை நிறுத்துவோர் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதற்கு விளக்கம் தருவார். பிறர் கண்ணில் ஒன்றை நிறுத்த வேண்டுமாயின், அதனை முன்னர்த் தம் கண்ணில் நிறுத்திக்கொள்ளுதல் வேண்டும் அன்றோ? அதற்கு ஏற்ற பயிற்சி ஒன்று உண்டு. மக்கள் கூடும் இடங்களில் அமர்ந்து, காணும் உருவங்களை விரைந்து கோட்டோவியமாகத் தீட்டுவதே அது. ஓவியராக விரும்புவோர்க்கு மட்டுமன்றிப் பள்ளியில் பயிலும் அனைவர்க்கும் இப்பயிற்சி வேண்டும் என்பது என் கருத்து.

அறையில் மேசைமேல் வைத்த பூச்சாடி அசைவதில்லை. நாம் அழித்து அழித்து வரையும் வரையில் அது பொறுமையுடன் காத்திருக்கும். பேருந்து நிலையத்தில் நிற்கும் மனிதரோ நமக்காகக் காத்திருப்பதில்லை. பேருந்து வந்ததும் ஓடிவிடுவார். இவருடைய உருவில் இன்றியமையாதது எது, விடத்தக்கது எது என்று கண் நொடிப்பொழுதில் தெரிந்தெடுக்க வேண்டியிருக்கின்றது. அவ்வாறு தெரிந்தெடுத்தலே இப்பயிற்சியின் உயிர்நிலை. இத்தாலி நாட்டுப் பேரோவியர் லியனார்டோ டாவின்சி, இளம் ஓவியர் எப்பொழுதும் ஒரு சிறு குறிப்பேட்டைக் கையில் வைத்திருத்தல் வேண்டும் என்றும், தெருவில் பேசுவோர், பூசலிடுவோர், நகைப்போர் ஆகியோரின் நிலைகளைச் சில கோடுகளால் அதில் குறித்துக்கொள்ளுதல் வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அவ்வறிவுரை பழுதுபடவில்லை.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சட்டைப்பையில் அடங்கும் ஓர் ஏடும் ஒரு பென்சிலும் போதும். அழிப்பான் வேண்டா, அது கையைத் தயங்கச் செய்யும். சென்னை எழும்பூர் இரயில் நிலையம் போன்ற ஓரிடத்தில் தூணருகே அமர்ந்துகொள்ளுங்கள். உடனே வரையத் தொடங்காமல், சிறிது நேரம் கூட்டத்தை நோக்குங்கள். தலைச்சுமையுடன் செல்வோர் கழுத்தையும் முதுகையும் நேராக நிறுத்தி நடப்பர். இடுப்பில் குழந்தையைத் தாங்கிய தாயின் இடை ஒருபுறம் ஒதுங்க, உடலின் மேற்பகுதி மறுபுறம் சாயும். ஒற்றைக் காலில் எடையை ஊன்றி நிற்பவரின் கழுத்துக் குழியிலிருந்து தூக்குநூல் விட்டால், அஃது ஊன்றிய காலின் அருகே வந்து விழும். இச்சாய்வையும் ஊன்றலையும் நான்கு கோடுகளில் முதலில் பிடித்துவிடுங்கள். முகமும் ஆடையும் பின்னர் வரலாம், வாராமற்போனாலும் இழுக்கில்லை.

அசைபவரை எவ்வாறு வரைவது என்று மலைக்க வேண்டா. தொழில் செய்வோரின் அசைவுகள் திரும்பத் திரும்ப வருவன. தேநீர் ஆற்றுபவர் கையை உயர்த்துவார், தாழ்த்துவார், மீண்டும் உயர்த்துவார். ஒரே தாளில் அவருடைய இரண்டு நிலைகளையும் தொடங்கி வைத்துக்கொண்டு, எந்நிலை மீள்கின்றதோ அவ்வுருவில் இரண்டு கோடுகள் சேர்த்தால், சிறிது நேரத்தில் இரண்டும் நிறைவுபெறும். கூட்டத்தை வரைவதற்கும் ஓர் எளிய நெறி உண்டு. சமதளத்தில் நின்று நோக்கினால், நம்மளவு உயரமுடையோர் தலைகள், அருகில் இருப்பினும் தொலைவில் இருப்பினும், நம் கண்மட்டத்தில் ஒரே வரிசையாகத் தோன்றும். தொலைவு மிக மிகக் கால்களே மேலேறிக் காணப்படும். இதனை அறிந்தவர்க்கு நூறு பேர் திரண்ட கூட்டமும் அச்சம் தாராது.

கைப்பேசியால் நொடியில் படம் எடுக்கலாமே, இத்துணை உழைப்பு எதற்கு என்று சிலர் வினவுவர். புகைப்படமும் கலையே, அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆயினும் எடுப்பவர் நன்கு நோக்காவிடினும் கருவி படம் எடுத்துவிடும். நோக்காதவர் கையோ ஒரு கோடும் செவ்விதாக இழுக்காது. நாள்தோறும் நூறு படங்களை எடுத்து ஒன்றையும் மறுமுறை பாராதவர் நம்மிடையே பலர். இரண்டு நிமிடம் உற்றுநோக்கி வரைந்த முதியவரின் முகமோ நெடுநாள் நெஞ்சில் நிற்கும். கை பழகாதவர் இதனைச் செய்தல் கூடுமோ என்பாரும் உளர். எழுத்தும் முதலில் கோணலாகத்தானே வந்தது? நாளும் பத்து உருவம் வரைந்தால், சில திங்களில் கை கண்ணுக்குப் பணிந்துவிடும்.

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்றனர் முன்னோர். தொல்காப்பியர் அதற்கெனத் தனி இயலே வகுத்துள்ளார். தளர்ந்த தோளும், கைப்பையை இறுகப் பற்றிய விரலும் ஒருவர் வாய்திறந்து கூறாத துன்பத்தைக் கூறிவிடும். அதனைக் காணப் பழகியவர் உள்ளத்தில் இரக்கம் சுரக்கும். 1943ஆம் ஆண்டில் வங்காளத்தைக் கொடும்பஞ்சம் வாட்டியபொழுது பல இலட்சம் மக்கள் மாண்டனர். ஓவியர் சயினுல் ஆபிதீன் கல்கத்தாத் தெருக்களில் பசியால் வீழ்ந்தோரை மலிவான தாளில் கறுப்பு மையால் தீட்டினார். சித்தப்பிரசாத் என்னும் மற்றோர் ஓவியர் மேதினிப்பூர்ப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று, கண்டவற்றை வரைந்து நூலாக வெளியிட்டார். ஆங்கில அரசு அந்நூற்படிகளைக் கைப்பற்றி அழித்தது. சில கோடுகளுக்கு ஓர் அரசு அஞ்சியது என்றால், உண்மையைக் கண்டு வரைந்த கோட்டின் ஆற்றலை என்னென்பது!

இக்கலைக்கு ஒழுக்கமும் வேண்டும். நாம் வரைவதை ஒருவர் விரும்பவில்லை எனத் தோன்றின், உடனே ஏட்டை மூடிவிடுதல் பண்பு. ஒருவருடைய உடற்குறையை நகைப்புக்காக வரைதல் இழிவு. காட்டுமாறு கேட்பவர்க்கு முகமலர்ச்சியுடன் காட்டுதல் நன்று. விரும்பிக் கேட்பின் கொடுத்துவிடுதல் அதனினும் நன்று.

பள்ளிகள் பலவற்றில் தேர்வு நெருங்கியதும் ஓவிய வகுப்பு முதலில் பறிபோகின்றது. அந்நேரத்தைப் பிற பாடங்கள் எடுத்துக்கொள்கின்றன. இவ்வழக்கம் மாறுதல் வேண்டும். திங்களில் ஒரு நாளேனும் ஆசிரியர் மாணவர்களைச் சந்தைக்கோ திருவிழாவுக்கோ அழைத்துச் சென்று வரையச் செய்தல் வேண்டும். நோயாளியின் நடையைக் கண்டே நோயை உய்த்துணரும் மருத்துவர்க்கும், மக்கள் வாழ்வை எழுதும் எழுத்தாளர்க்கும், மாணவர் முகவாட்டத்தை அறியும் ஆசிரியர்க்கும் பழகிய கண் வேண்டும் அன்றோ?

மாணவர்களே! நாள்தோறும் நீங்கள் பேருந்துக்காகக் காத்திருக்கின்றீர்கள். உங்கள் அருகே உழைப்போரும் களைத்தோரும் மகிழ்வோரும் வந்து நின்று செல்கின்றனர். அவர்களைக் காணாமலே ஆண்டுகளைக் கழித்துவிடாதீர்கள். ஓர் ஏட்டை எடுங்கள்; ஒரு கோடு இழுங்கள். கோடு கோணலாயினும், கண்ட காட்சி உங்களுடையதாகும்.