புள்ளி வைக்கத் தெரிந்த பேனா

(இரண்டாமாண்டு செராமிக் மாணவன், கம்மாபுரம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் வேலையில்லாத் திண்டாட்டம், செல்போன் மோகம், நாளைய இந்தியா... என்று தலைப்புகள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் வேண்டிய தலைப்புகள்தான். ஆனால் அவற்றை என்னைவிட நன்றாக எழுத நம் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு பேனாவைப் பற்றி. "ஒரு பேனாவுக்கு இத்தனை பக்கமா?" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் சட்டைப் பையில் இருக்கும் பச்சைப் பேனாவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இரவல் கேட்டு நான் தராததால் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. பச்சைக்குள் கறுப்பும் பழுப்பும் அலை அலையாக ஓடும். எபொனைட் என்ற கெட்டி ரப்பரில் கடைந்தது. ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கினால் மரம்போல் இறுகிவிடும், அதுதான் எபொனைட். கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தால் இன்றும் கந்தக வாசனை வரும். அதில் வண்ணம் எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் விழும், பளபள வண்ணம் வேண்டுமானால் அக்ரிலிக்கில்தான் கிடைக்கும். எனக்கு அந்த மங்கல்தான் பிடித்தது. நம் சூளையில் காப்பர் ஆக்சைடு போட்ட கிளேஸ் சில நேரம் எதிர்பாராமல் ஒரு பச்சை காட்டுமே, அந்த ஜாதி.

விலையையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது? பேனா ஆயிரத்து நூறு, நிப்பைத் தேய்த்து அமைத்த கூலி முன்னூறு. கோடை விடுமுறையில் பதினெட்டு நாள் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிய சம்பளத்தில் ஒரு பகுதி அது. மீதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

பேனாவைப் பார்த்துப் பெரியவர் ஒருவர் (யார் என்பது வேண்டாம்) கேட்டார்: "கம்மாபுரத்துலேருந்து பஸ்ல வர்ற பையன், உனக்கெதுக்குடா இந்தப் பேனா? அஞ்சு ரூபா பேனா எழுதாதா?"

எழுதும் ஐயா. நன்றாகவே எழுதும். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் நின்ற இடத்தில் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில்.

முதலில் நிப் சமாச்சாரம். பேனா வாங்குகிறவர்கள் உடம்பைப் பார்க்கிறார்கள், மூடியைப் பார்க்கிறார்கள். காகிதத்தைத் தொடுவது அரை மில்லிமீட்டர் முனை. பேனாவின் குணம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. நல்ல நிப்பின் நுனியில் ஒரு சின்ன உலோக மணி ஒட்டியிருக்கும். இரிடியம் என்று பொதுவாகச் சொல்வார்கள்; எஃகைவிடக் கடினமான கலப்பு உலோகம். அந்த மணியை எப்படித் தேய்க்கிறோமோ அப்படித்தான் எழுத்து வரும். உருண்டையாக விட்டால் எல்லாப் பக்கமும் ஒரே கனம். நுனியைத் தட்டையாக்கினால் மேலிருந்து கீழே வரும் கோடு தடிக்கும், பக்கவாட்டுக் கோடு மெலியும். இதை ஸ்டப் என்பார்கள்.

தொழிற்சாலை பார்க்கச் சென்னை போனபோது பாரிமுனைப் பக்கம் பேனா ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் இந்த வேலையைச் செய்துகொண்டேன். கடிகாரம் பார்ப்பவர்போல் கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டார். "எழுதிக் காட்டு தம்பி" என்றார். நான் ஆங்கிலத்தில் என் பெயரை எழுதினேன். "நீ தினமும் எழுதுறத எழுது. கையெழுத்துப் போடாத" என்றார். என் முகவரியைத் தமிழில் எழுதினேன்: கம்மாபுரம், விருத்தாசலம் வட்டம், கடலூர் மாவட்டம்.

எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! இந்த ஒரு வரியில் ஒன்பது புள்ளி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினாலும் புள்ளி வைக்கும் எழுத்து இரண்டே இரண்டுதான். நமக்கோ ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் புள்ளி. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே சொல்லிவைத்துவிட்டது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். எழுத்தாணி ஓலையைக் குத்திவிடும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். நாம் அப்படி விட முடியுமா? பரீட்சைத் தாளில் புள்ளி விழாவிட்டால் 'வட்டம்' 'வடடம' ஆகிவிடும்.

புள்ளி என்பது நிப்புக்குச் சாதாரண சோதனை அல்ல. கோடு இழுக்கும்போது மை பின்னாலேயே வந்துவிடும். புள்ளியோ ஒரே ஒரு தொடுதல், தொட்ட மாத்திரத்தில் மை இறங்க வேண்டும். வழவழவென்று வழுக்கினால் நல்ல நிப் என்று நினைக்கிறோமே, அது பாதிதான் உண்மை. அளவுக்கு மீறி மெருகேற்றினால் நடுப்பிளவின் இரண்டு ஓரங்களும் உள்பக்கம் உருண்டுவிடும். அப்புறம் மை பிளவுக்குள்ளேயே நின்றுகொண்டு காகிதத்தைத் தொடாது. கோடு வரும், புள்ளி வராது. அதனால் நான் எந்தப் பேனாவை வாங்கிப் பார்த்தாலும் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பதில்லை. வரிசையாக இருபது புள்ளி வைத்துப் பார்ப்பேன். இருபதும் விழுந்தால் அது தமிழ் எழுதத் தெரிந்த பேனா.

இன்னொரு சங்கதி. நம் எழுத்துகள் சுழன்று சுழன்று போகிறவை. 'ழ', 'ஞ', 'ணு' எழுதும்போது பேனாவை மேல்நோக்கியும் இடப்பக்கமும் தள்ள வேண்டியிருக்கிறது. கூர்மையான ஓரம் விட்ட தட்டை நிப் அங்கே காகிதத்தைக் கீறும். ரொம்பத் தடித்த நிப்பானால் 'ஞ'வின் சுழி அடைத்துப்போய்க் கரும்புள்ளிதான் மிஞ்சும். பெரியவர் ஓரங்களை உருட்டி, அகலத்தைக் குறைத்து, ஐந்து நிமிடம் தேய்ப்பதும் அரை நிமிடம் எழுதச் சொல்வதுமாக முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். நம் பசங்க ரோட்டில் நின்று விசிலடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது அல்லவா? சுட்ட பிறகு பீங்கானில் திருத்தம் கிடையாது என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அதே கதைதான்.

அவர் தேய்த்தது எதில் என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிலிக்கன் கார்பைடு பூசிய தாள்! 1890-களில் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் மின் உலையில் செய்து விற்கத் தொடங்கிய பொருள். நாம் செராமிக் பாடத்தில் உருப்போடும் அதே பொருள். 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் திருவொற்றியூரில் உராய்பொருள் செய்கிறது. நம் படிப்புக்கு நேரடி உறவு. பேனாவுக்கும் பீங்கான் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

நிப்பைக் கைக்கேற்ப அமைப்பது வெளிநாட்டுப் பணக்காரப் பழக்கம் என்று ஒரு நண்பன் சொன்னான். அப்படி இல்லை. நம் அப்பா காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். மை இறங்காவிட்டால் பிளவில் பிளேடு விட்டு இழுப்பார்கள். கீறினால் சிமெண்டுத் தரையில் தேய்ப்பார்கள். விலை குறைந்த நிப்பில் தனி மணி இருக்காது, தகட்டின் நுனியையே மடக்கி அழுத்தியிருப்பார்கள். அது நாலைந்து மாதத்தில் எழுதுகிறவன் கைச் சாய்வுக்குத் தேய்ந்து அமைந்துவிடும். "பேனாவை அடுத்தவன்கிட்டக் குடுக்காத" என்று சொன்னதற்கு அதுதான் காரணம். இரவல் தராததற்கு என்னையும் மன்னியுங்கள்!

அந்த நிப்புகள் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி நம் சாத்தூரிலிருந்து. இன்று சாத்தூர் என்றால் காராச்சேவும் வெள்ளரிக்காயும்தான் ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு நிப் வேலை. தகடு வெட்டுவது, வளைப்பது, பிளவு போடுவது, மெருகு ஏற்றுவது எல்லாம் சிறு பட்டறைகளில் கைப் பிரஸ்ஸை வைத்து நடந்தது. வெளி மாநிலங்களுக்கெல்லாம் சாத்தூர் நிப் போனது. பந்துமுனைப் பேனா வந்தது, தொழில் படுத்துவிட்டது. ஹங்கேரிக்காரர் பீரோ 1938-இல் காப்புரிமை வாங்கிய பேனா, எங்கோ இருந்த சாத்தூரின் அடுப்பை அணைத்தது. பீரோவைக் குறை சொல்லிப் பயனில்லை. மலிவாக, கொட்டாமல், யார் கையிலும் எழுதும் ஒன்றைச் செய்தார், ஜனங்கள் வாங்கினார்கள்.

இதை நான் வேறு ஊர்க் கதையாகப் படிக்கவில்லை. நெய்வேலிக் களிமண்ணை நம்பி நம் விருத்தாசலத்தில் வந்த தொழில் என்ன ஆயிற்று? வீட்டுக்கு வீடு பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்த இடத்தில் இப்போது சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது. ஃபியூஸ் கட்டை வார்த்த கைகளில் என் அப்பாவின் கையும் ஒன்று. மலிவுக்கு மலிவு என்று போட்டி போட்டால் அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்தான் ஜெயிக்கும், அது கணக்கு. ஆனால் பேனாவில் எல்லாரும் சாகவில்லை. ராஜமுந்திரியில் 1932-இல் தொடங்கிய ரத்னம் பேனாவை 1935-இல் காந்தியடிகள் பாராட்டிக் கடிதம் எழுதினார்; அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. நம் திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபொனைட்டைக் கையால் கடைந்து, கேட்ட வண்ணத்தில், கேட்ட அளவில் கொடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் கேட்டு வாங்குகிறார்கள். ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி செய்யாமல் ஒருவருக்கு ஒன்று என்று செய்கிறவர்கள் மூச்சு விடுகிறார்கள். நம் பொம்மைக்காரர்களும் செராமிக் படிக்கும் நாமும் யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

பேனாவின் குறையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது விளம்பரம். ஃபில்லரால் உடம்புக்குள் நேரடியாக மை ஊற்றும் பேனா இது. மை நிறைய இருக்கும்வரை ராஜா. கால் பாகம் ஆனதும் கைச்சூட்டில் உள்ளே காற்று விரிந்து ஒரு சொட்டைத் தள்ளும். என் சர்வேயிங் ரெக்கார்டு நோட்டில் ஒரு நீலக் குளம் இருக்கிறது. பஸ் குலுக்கலில் மூடிக்குள் கசியும். மலிவான நோட்டுத் தாளில் மை ஊறிப் பின்பக்கம் தெரியும். வங்கிச் சலானுக்கும் கார்பன் தாளுக்கும் இது லாயக்கில்லை, அங்கே பந்துமுனைதான் ராஜா. மூன்று மணி நேரப் பரீட்சையில் மட்டும் வித்தியாசம் தெரிகிறது. பந்துமுனைக்கு அழுத்தம் வேண்டும், இதற்கு வேண்டாம். கடைசிப் பக்கத்திலும் என் கை வலிக்கவில்லை.

வீட்டில் அப்பா வாங்கிப் பார்த்தார். விலையைக் கேட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு காலண்டர் தாளின் பின்னால் கையெழுத்துப் போட்டார். அவர் அறிந்த எழுத்து அது ஒன்றுதான். உளி பிடிப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்து அழுத்தினார், கரகரவென்று கீறியது. "இது உன் கைக்குத்தான்டா செஞ்சிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். அம்மா தொடவே இல்லை. அம்மாவுக்குப் பேனா என்றாலே ஆபீஸ் வாசல்தான். சான்றொப்பம் வாங்க, பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரிக்காக அரை நாள் வெயிலில் நின்றவர் அவர். இப்போது பல இடங்களில் நாமே கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதும் என்று வந்துவிட்டது. "பச்சப் பேனாவா வாங்கிட்ட?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் அம்மா, பச்சைதான்.

பெரியவருக்கு இப்போது பதில். இலவசச் சீருடை போட்டேன், இலவசப் புத்தகம் படித்தேன், இலவச சைக்கிள் மிதித்தேன். அவை இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அவை எல்லாருக்கும் ஒரே அளவு. சட்டை தோளில் இறங்கும், சைக்கிள் சீட்டு எட்டாது, அனுசரித்துக்கொண்டோம். "உனக்கு இது போதும்" என்பதைக் கேட்டே வளர்ந்தவன் நான். என் கையைப் பார்த்து, என் எழுத்தைப் படித்து, எனக்கென்று ஒருவர் முக்கால் மணி நேரம் செலவழித்துச் செய்த முதல் பொருள் இந்த நிப். வீட்டில் மை பாட்டில் வைத்திருந்த தாத்தா எனக்கு இல்லை. அதனால் நல்ல பேனா எனக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். அதனால்தான் எனக்கு வேண்டும் என்கிறேன். சிக்கனம் என்று வாதாட மாட்டேன். கணக்குப் பார்த்தால் அஞ்சு ரூபாய்ப் பேனாதான் லாபம். லாபத்துக்காக மட்டும் பொருள் வாங்க வேண்டும் என்று முதல் தலைமுறைக்காரனுக்கு மட்டும் ஏன் சட்டம்?

எல்லாரும் ஆயிரம் ரூபாய் போடுங்கள் என்று சொல்லவில்லை. நூறு ரூபாய்ப் பேனாவின் நிப்பையும் கைக்கேற்ப அமைக்கலாம். நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இது: அடுத்த ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, நிப் அமைக்கும் ஒருவரை ஒரு நாள் வரவழையுங்கள். வண்டிச் சத்தமும் சாப்பாடும் கூலியும் கொடுத்துவிடலாம். இரண்டாயிரம் எண் வாட்டர் பேப்பர் நம் ஆய்வகத்திலேயே இருக்கிறது. லென்ஸ் மட்டும் ஒன்று வாங்க வேண்டும்.