அறுந்த வடமும் ஆணைச்சீட்டும்

அடங்காத ஆளை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கு தமிழில் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. அதன் முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவ்வாண்டு நவம்பர் 9 அன்று அக்கப்பலின் வீரர்கள் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் இறங்கி, அங்கிருந்த தந்தி நிலையத்தைச் சிதைத்துக் கடலடி வடத்தை வெட்டினர். நிலையத்தார் அதற்கு முன்னரே உதவி வேண்டிச் செய்தி அனுப்பிவிட்டனர். விரைந்து வந்த 'சிட்னி' என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலால் எம்டன் அழிந்தது. வடத்தை வெட்டும் வழக்கம் ஒரு தரப்புக்கே உரியதன்று. போரில் இறங்கிய மறுநாளே ஜெர்மனியின் வடங்களைப் பிரிட்டன் துண்டித்திருந்தது.

தந்தி மறைந்தது, வடம் மறையவில்லை. இணையம் விண்வழியே வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், கண்டங்களுக்கிடையே செல்லும் தரவுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை கடலடி ஒளியிழை வடங்களின் வழியாகவே செல்கின்றன. ஆழ்கடலில் அவ்வடம் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் பருமனே உடையது. உலகெங்கும் ஆண்டுதோறும் 150 முதல் 200 பழுதுகள் நேர்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை கப்பல் நங்கூரத்தாலும் மீன்பிடி வலையாலும் விளைபவை. சதியை எளிதில் விபத்தாகக் காட்ட முடிவதும் இதனால்தான்.

2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்து வளைகுடாவில் ஒரு மின்வடமும் சில தகவல்தொடர்பு வடங்களும் சேதமுற்றன. 'ஈகிள் எஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தை இழுத்துச் சென்றதே காரணம் என்று கூறி, அதன் தலைவர்மீதும் அலுவலர் இருவர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. நிகழ்விடம் பின்லாந்தின் ஆட்சிக்கடலுக்கு வெளியே இருந்ததால், தனக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று ஹெல்சிங்கி நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறிவிட்டது. 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கைப்படி, கப்பல் எந்நாட்டுக் கொடியைத் தாங்குகிறதோ அந்நாடோ, குற்றம்சாட்டப்பட்டவரின் நாடோதான் தண்டிக்க வேண்டும். வடத்தை இழந்த நாட்டுக்கு அவ்வுரிமை இல்லை. இது பெருங்குறை. காவற்கப்பல்களை நிறுத்தலாம் என்பர். இலட்சக்கணக்கான கிலோமீட்டர் நீளும் வடங்களுக்கு எத்தனை கப்பல்களைக் காவல் வைப்பது?

எனவே, உறுதியான பாதுகாப்பு விரைந்த பழுதுநீக்கமே. அதற்குத் தடையாக நிற்பவை பெரும்பாலும் அரசுகளின் இசைவாணைகள். 2024 பிப்ரவரியில் ஏமனின் ஹூத்திப் படையினரால் தாக்கப்பட்ட 'ரூபிமார்' கப்பல், கைவிடப்பட்ட நிலையில் நங்கூரத்தோடு செங்கடலில் மிதந்து சென்றது. மூன்று வடங்கள் அறுந்தன. இழையை இணைக்கும் வேலை சில நாள்களில் முடியக்கூடியது. ஆனால், ஏமனில் ஆட்சிக்கு உரிமை கோரிய இரு தரப்புக்கும் இடையே இசைவு சிக்கிக்கொண்டதால், பழுதுபார்ப்பு பல மாதங்கள் இழுபட்டது. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான தரவுகள் அதுவரை வேறு வழிகளில் சுற்றிச் செல்ல நேர்ந்தது.

ஏமனில் நடப்பது போர். அங்கே தாமதத்துக்குப் பொருள் உண்டு. அமைதி நிலவும் இந்தியாவிலும் பழுதுபார்க்கும் கப்பல் பல துறைகளின் இசைவுக்குக் காத்திருக்கிறது. அக்கப்பலும் பெரும்பாலும் அயல்நாட்டுக்குரியது. சொந்தக் கொடியுடைய பழுதுபார்ப்புக் கப்பல் வேண்டும் என்னும் கருத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் முன்வைத்தது. அயல்நாட்டுக் கப்பலை ஆராயாமல் விடுக என்று எவரும் கூறார். அந்த ஆய்வை வடம் அறுந்தபின் தொடங்க வேண்டியதில்லை. கப்பலுக்கும் பணியாளருக்கும் ஆண்டுதோறும் முன்கூட்டியே இசைவு வழங்கிவிடலாம். சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குச் செல்லும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் வடம் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தீவுகளின் மருத்துவமனைகளும் பள்ளிகளும் வங்கிகளும் அதனை நம்பியுள்ளன.

ஆஸ்திரேலியா வடங்கள் கரையேறும் பகுதிகளைச் சட்டத்தால் காப்பு மண்டலங்களாக்கி, அவற்றுள் நங்கூரமிடுதலையும் சிலவகை மீன்பிடிப்பையும் தடைசெய்துள்ளது. அதை அப்படியே சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவருதல் தகாது. அங்கே கடலை நாள்தோறும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. வடம் கிடக்கும் தடத்தை மீனவர்க்கு வரைபடமாகத் தந்து, அதில் சிக்கிய வலையை வெட்டிவிட்டு வருவோர்க்கு அவ்வலையின் விலையையும் அரசு ஈடாகத் தருதல் வேண்டும். வடத்தைக் காக்கத் தன் கருவியை இழந்தவர்க்கு ஈடு தரவேண்டும் என்பது 1884ஆம் ஆண்டுப் பாரீசு உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டுள்ளது.